செடியை வெட்டக் கை நடுங்கலாமா?

கார்த்திகை மாதக் கடைசி. மழை ஓய்ந்து நாலு நாள் ஆகிறது.

மதுரைப் பக்கம் ஒரு வீடு. முற்றத்து ஓரமாக ஒரு குண்டுமல்லிச் செடி. ஆள் உயரத்துக்குப் படர்ந்து கிடக்கிறது. உள்ளே பார்த்தால் பாதிக் குச்சி காய்ந்து போயிருக்கிறது.

மருமகள் கையில் கத்தரி. மாமியார் குறுக்கே வந்து நிற்கிறார்.

"வேண்டாம்மா. பச்சைச் செடியில் கத்தி வைக்காதே."

"வெட்டினால்தான் அத்தை தளிர் வரும். போன வருஷம் ஒரு நாளாவது ஒரு முழம் கட்டுகிற அளவுக்குப் பூ வந்ததா?"

"வராவிட்டால் போகட்டும். இது உன் மாமா வைத்த செடி. அவர் கையால் வைத்ததில் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான்."

மருமகள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள். அதற்கு மேல் என்ன பேசுவது?

இது ஒரு வீட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். செடி இருக்கிற வீட்டில் எல்லாம் இந்தப் பேச்சு உண்டு. தண்ணீர் ஊற்ற எல்லோரும் வருவார்கள். உரம் போடவும் வருவார்கள். வெட்ட மட்டும் யாருக்கும் மனம் வராது. "பாவம், வாயில்லாச் செடி" என்பார்கள்.

அந்த மாமியாரின் மனதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் காப்பாற்ற நினைத்த செடி, அவர் கண் எதிரிலேயே வருஷத்துக்கு வருஷம் மெலிந்து கொண்டு வந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பூ எங்கே வருகிறது?

மல்லிகைச் செடியைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். பழைய குச்சியில் பூ இருக்காது. புதிதாக விட்ட தளிரின் நுனியில்தான் மொட்டு இருக்கும். புதுத் தளிர் எத்தனையோ, அத்தனை கொத்துப் பூ.

பழைய குச்சிகள் அப்படியே நின்றால் செடியின் சத்து எல்லாம் அவற்றைத் தாங்கவே செலவாகிவிடும். உள்ளே வெயில் படாது. காற்று நுழையாது. பூச்சிக்கு மட்டும் கொண்டாட்டம்!

மல்லிகை பயிரிடும் விவசாயிகளுக்கு இது நன்றாகத் தெரியும். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு 2013-ம் ஆண்டில் கிடைத்தது. பல நாட்டுக்குப் போகிற பூ அது. அந்தப் பூ விளைகிற தோட்டத்தைக் கவாத்து முடிந்த மறுநாள் போய்ப் பார்த்தால் நெஞ்சு பதறும். முழங்கால் உயரத்துக்கு வெறும் குச்சிகள். இலை இருக்காது. செடி செத்துவிட்டதோ என்று தோன்றும்.

பங்குனியில் அதே தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். விடியற்காலையில் பூப் பறிக்க ஆள் போதாது.

கவாத்து என்றால் செடியை அளவாக வெட்டிவிடுவது. போலீஸ் மைதானத்தில் வரிசையாக நடப்பதற்கும் கவாத்து என்றுதான் பெயர். நீலகிரி, வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இந்தச் சொல் நன்றாகத் தெரியும். தேயிலை உண்மையில் ஒரு மரம். சும்மா விட்டால் 30 அடிக்கு மேல்கூடப் போகும். அதை இடுப்பு உயரத்தில் நிறுத்தி வைத்திருப்பது கத்தியும் பறிக்கிற கையும்தான். சில ஆண்டுகளுக்கு ஒரு தடவை கட்டையாக வெட்டி விடுவார்கள். அப்படி வெட்டு வாங்கிய செடிகள் எத்தனையோ ஆண்டுகளாகக் கொழுந்து கொடுத்துக் கொண்டிருக்கின்றன.

வெட்டினால் ஏன் தளிர்க்கிறது?

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

இலைக் காம்பு தண்டோடு சேருகிற இடுக்கைப் பாருங்கள. அங்கே சிறு புள்ளி போல ஒரு கண் இருக்கும். அது ஒரு கிளைக்கு வித்து. ஒவ்வொரு இலை இடுக்கிலும் ஒரு கண். ஆனால் பெரும்பாலான கண்கள் தூங்கிக்கொண்டே இருக்கும்.

தூங்க வைப்பது யார்? உச்சியில் இருக்கும் தலைக் குருத்து.

தலைக் குருத்தில் ஒரு பொருள் சுரக்கிறது. அதற்கு ஆக்சின் என்று பெயர். அது தண்டு வழியாகக் கீழே இறங்கி வருகிறது. அது இறங்கிக்கொண்டிருக்கும் வரை, கீழே உள்ள கண்கள் எழுந்திருக்காது. வீட்டில் பெரியவர் ஒருவரே பேசிக்கொண்டிருந்தால் மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள் அல்லவா? அந்த மாதிரிதான்.

இந்தப் பொருளை 1926-ல் ஹாலந்து நாட்டில் வென்ட் என்ற விஞ்ஞானி ஓட்ஸ் நாற்றின் நுனியிலிருந்து பிரித்துக் காட்டினார். 1933-ல் அமெரிக்காவில் திமான், ஸ்கூக் என்ற இருவர் அவரைச் செடியைப் போன்ற ஒரு செடியை எடுத்துக்கொண்டார்கள். தலையைக் கிள்ளினார்கள். பக்கக் கண்கள் முளைத்தன. இன்னொரு செடியின் தலையைக் கிள்ளி, வெட்டிய இடத்தில் ஆக்சினை வைத்தார்கள். கண்கள் முளைக்கவில்லை!

2014-ல் ஆஸ்திரேலியாவில் பட்டாணிச் செடியில் இன்னொன்றும் தெரிய வந்தது. தலையைக் கிள்ளிய உடனே, அதுவரை தலைக்குப் போய்க்கொண்டிருந்த சர்க்கரைச் சத்து பக்கக் கண்களுக்குத் திரும்புகிறது. முதலில் கண்ணை எழுப்பிவிடுவது அந்தச் சத்துதான் என்று அந்த ஆராய்ச்சி சொன்னது.

ஆகவே செடியின் தலையை வெட்டினால் அது அழிவதில்லை. உள்ளே காத்துக்கொண்டிருக்கும் பத்துக் கண்கள் விழிக்கின்றன. ஒரு குச்சி இருந்த இடத்தில் மூன்று, நான்கு குச்சி. அத்தனையிலும் மொட்டு.

வெளிநாட்டு நாள் நமக்கு ஆகாது

இப்போது செல்போனில் செடி வளர்ப்புப் படங்கள் நிறைய வருகின்றன. பல படங்கள் குளிர் நாட்டில் எடுத்தவை. "வசந்தம் தொடங்கும்போது வெட்டுங்கள். பிப்ரவரி கடைசி, மார்ச் முதலில் வெட்டுங்கள்" என்று சொல்வார்கள்.

அந்த நாட்டுக்கு அது சரி. அங்கே பனிக்காலம் முழுவதும் செடி இலை உதிர்த்துத் தூங்குகிறது. முன்கூட்டி வெட்டினால் புதுத் தளிர் உறைபனியில் கருகிவிடும். அதனால் குளிர் விலகும் வரை காத்திருக்கிறார்கள். ரோஜாவின் கண்கள் பருத்து வரும்போது வெட்டுகிறார்கள்.

நம் ஊரில் மார்ச் மாதம் என்றால் மாசி, பங்குனி. வெயில் ஏறுகிறது. குண்டுமல்லி பூக்கிற நேரமே அதுதான்! அந்த நேரத்தில் கத்தரியை எடுத்தால் மொட்டோடு சேர்த்து வெட்டித் தள்ள வேண்டியதுதான். அப்படிச் செய்துவிட்டு, "கவாத்து செய்தேன், பூவே போய்விட்டது" என்று சொல்பவர்கள் உண்டு. குற்றம் கவாத்தின் மேல் இல்லை.

நம் செடிகளுக்கு நம் பஞ்சாங்கம். குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம். அதாவது கார்த்திகை. பிச்சி என்று சொல்லும் ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி. முல்லைக்கு ஜனவரி கடைசி, அதாவது தை. தமிழ்நாட்டில் மல்லிகை விவசாயிகளுக்குச் சொல்லப்படும் கணக்கு இது. வீட்டுச் செடிக்கும் இதே கணக்குத்தான்.

சில நாள் முன்பின் ஆனால் குடி முழுகிவிடாது. வெட்டு எத்தனை நாள் தள்ளுகிறதோ, பூவும் ஏறக்குறைய அத்தனை நாள் தள்ளும்.

தை மாதத்தில் மல்லிகை என்ன விலை விற்கிறது என்பது பெண்களுக்குத் தெரியும். பொங்கல் சமயத்தில் பனியால் வரத்துக் குறைந்து, கிலோ 2 ஆயிரம் ரூபாயைத் தாண்டுவதும் உண்டு. அந்த விலையைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, முற்றத்தில் பூக்காமல் நிற்கும் செடியைப் பார்த்தால் கோபம்தான் வரும். ஆனால் தையில் பூ இல்லை என்று குண்டுமல்லியைத் திட்டக் கூடாது. அதற்கு அது ஓய்வுக் காலம். சித்திரையிலும் பூ இல்லை என்றால், அப்போது நம்மை நாமே திட்டிக்கொள்ளலாம்.

எப்படி வெட்டுவது?

வெட்டுவதற்கு முன் சில நாள் மல்லிகைக்குத் தண்ணீரை நிறுத்தி விடுங்கள். செடி சற்று வாடி, இலை குறையும்.

பிறகு கிளைகளை ஒன்றாகக் கூட்டிப் பிடித்து, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் வெட்டி விடலாம். அரை மீட்டர் வரை விட்டாலும் சரி. காய்ந்தது, நோய் பிடித்தது, ஒன்றோடு ஒன்று உரசுவது, ஈர்க்குச்சி போல மெலிந்தது, இவற்றை அடியோடு எடுத்துவிடுங்கள்.

வெட்டிய பிறகு செடியைச் சுற்றி மண்ணைக் கொத்திவிட்டு, மக்கிய தொழு உரம் 10 கிலோ போட்டுத் தண்ணீர் விடுங்கள். தொட்டிச் செடி என்றால் இரண்டு கை அள்ளிப் போட்டால் போதும்.

கத்தரி கூராக இருக்கட்டும். மழுங்கின கத்தியால் அறுத்தால் பட்டை நைந்துவிடும். நைந்த இடத்தில்தான் பூஞ்சைக் காளான் குடியேறும். மழை நாளில் வெட்டவே வேண்டாம்.

ரோஜாவுக்குக் கொஞ்சம் அதிகப் பக்குவம் வேண்டும். மழை ஓய்ந்த பிறகு, போன பருவத்தில் வளர்ந்த குச்சியில் பாதியை வெட்டலாம். வெளிப்புறம் பார்த்த கண் ஒன்றைத் தேடுங்கள். அதற்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டுங்கள். தண்ணீர் வழிந்துவிடும். தளிரும் வெளிப்பக்கமாக வரும். செடி நடுவில் கிண்ணம் போலத் திறந்திருக்க வேண்டும்.

ரோஜாக் குச்சி நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே கீழே வருகிறதா? அது நுனிக்கருகல் நோய். கறுப்பு முடிந்து, உள்ளே வெள்ளையாக இருக்கும் இடம் வரை வெட்டி எடுங்கள். தயங்கினால் செடி முழுவதும் போய்விடும். வெட்டிய இடத்தில் தாமிரப் பூஞ்சைக் கொல்லிப் பசையைத் தடவி விடுங்கள்.

இன்னொன்று. கடையில் வாங்கும் ரோஜா பெரும்பாலும் ஒட்டுச் செடி. அடியில் இருப்பது வேறு ஜாதி. ஒட்டுக்குக் கீழேயிருந்து ஒரு குச்சி தளதளவென்று கிளம்பும். "அடடா, என்ன வளர்ச்சி!" என்று மகிழ்ந்து அதை விட்டுவைப்பார்கள். அது மேலே உள்ள நல்ல ரோஜாவின் சத்தைத் தின்று, கடைசியில் தானே செடியாகிவிடும். "சிவப்பு ரோஜா வாங்கினேன், இப்போது ஏதோ சின்னப் பூ பூக்கிறது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று சொல்லும் வீடுகளில் நடந்தது பெரும்பாலும் இதுதான். பாவம் கடைக்காரன்!

கவாத்து செய்த ரோஜா ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் பூக்கும்.

செம்பருத்திக்கும் காகிதப் பூவுக்கும் இவ்வளவு கவலை வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு வெட்டினால் போதும். கறிவேப்பிலையை ஒரு மீட்டர் உயரத்தில் நிறுத்தினால் புதராகக் கிளைக்கும். அதை மரமாக வளரவிட்டு, ரசத்துக்கு ஒரு கொத்து வேண்டும் என்றால் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுகிறவர்கள் யோசிக்கட்டும்.

முருங்கையும் பிள்ளையும்

"ஒடித்து வளர்க்காத முருங்கையும், அடித்து வளர்க்காத பிள்ளையும் உருப்படாது" என்று கிராமத்தில் சொல்வார்கள்.

இதில் முதல் பாதி சரி. முருங்கைக் கட்டையில் வலு இல்லை. உயரப் போனால் காற்றுக்கு முறியும். காயும் எட்டாது. செடி முருங்கையைக் காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து 3 அடியில் வெட்டிவிட்டால், நாலைந்து மாதத்தில் மறுபடி காய்க்கும்.

இரண்டாவது பாதி தப்பு. முருங்கைக்கு வலி தெரியாது, பிள்ளைக்குத் தெரியும். அந்தப் பழமொழியைப் பாதியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வெட்டக் கூடாதவையும் உண்டு

கவாத்து நல்லது என்றதும் அரிவாளைத் தூக்கிக்கொண்டு தோட்டம் முழுவதும் போய்விடக் கூடாது.

தென்னை, பனை, பாக்கு மரங்களுக்கு ஒரே ஒரு குருத்து. அதை வெட்டினால் மரம் போயிற்று. அவற்றில் காய்ந்த மட்டையை எடுப்பதோடு சரி.

மாமரம் தையில் பூத்து நிற்கும். நுனிக் கிளையில்தான் பூவே. இப்போது வெட்டினால் கோடையில் மாம்பழம் கடையில்தான் வாங்க வேண்டும். அதற்குரிய காலம் பழம் பறித்து முடிந்த ஆவணி, புரட்டாசி.

வெட்டுவதற்கு முன் இலைகளை விலக்கி ஒரு தடவை பாருங்கள். தையல் சிட்டு இரண்டு இலைகளைத் தைத்துக் கூடு கட்டியிருக்கும். தேன்சிட்டின் கூடு தொங்கிக்கொண்டிருக்கும். குஞ்சு இருந்தால் அந்தக் கிளையை விட்டுவிடுங்கள். குஞ்சு பறக்க இரண்டு வாரம் ஆகும். செடி காத்திருக்கும்.

தெருவில் நடப்பது கவாத்தா?

வீட்டுச் செடியை வெட்ட ஆயிரம் தடவை யோசிக்கிறோம். தெரு மரத்தை வெட்ட யாராவது யோசிக்கிறார்களா?

மின்கம்பியில் படுகிறது என்று வேம்பின் ஒரு பக்கத்தை முழுதாக வெட்டித் தள்ளுகிறார்கள். மறு பக்கம் அப்படியே நிற்கிறது. ஒரு தோளில் மட்டும் மூட்டை சுமக்கும் ஆளைப் போல மரம் சாய்ந்து நிற்கிறது. பெயர்ப் பலகை தெரியவில்லை என்று கடைக்காரர் உச்சியை மொட்டை அடிக்கிறார். மொட்டை அடித்த இடத்தில் அடுத்த ஆண்டு கொத்தாகக் கிளை வரும். அந்தக் கிளைக்குப் பிடிமானம் கிடையாது. பட்டையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பலத்த காற்றில் அதுதான் முதலில் தலையில் விழும்.

2016 டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. புயலைத் தடுக்க முடியாது. ஆனால் மரம் சிறு கன்றாக இருக்கும்போதே, எந்தக் கிளை வேண்டும், எந்தக் கிளை வேண்டாம் என்று பார்த்துச் சீர் செய்திருந்தால், பெருத்த பிறகு கோடரியோடு வர வேண்டிய வேலை குறையும். மரம் வெட்டும் ஊழியர்களுக்கு அரிவாளைக் கொடுக்கும் நிர்வாகம், எங்கே வெட்டுவது என்ற பயிற்சியையும் கொடுக்க வேண்டும். பள்ளித் தோட்டத்திலும் இதைச் சொல்லிக் கொடுக்கலாம். மாணவர்கள் வருஷா வருஷம் கன்று நடுகிறார்கள். நட்ட பிறகு என்ன செய்வது என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

பதியன் போட்ட மாமியார்

அந்த மதுரைப் பக்கத்து வீட்டுக்குத் திரும்புவோம்.

மருமகள் சண்டை போடவில்லை. அடுத்த ஆடி மாதம், செடியின் அடிக் கிளை ஒன்றை வளைத்து, கணுவில் லேசாகக் கீறி, மண்ணுக்குள் பதித்து, மேலே ஒரு கல்லை வைத்தாள். நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

"இது எதற்கு?" என்றார் மாமியார்.

"பதியன் அத்தை. இதுவும் மாமா வைத்த செடிதான். வேர் பிடித்துவிட்டால் தனியாக எடுத்து வைக்கலாம். தாய்ச் செடிக்கு ஏதாவது ஆனாலும் இது இருக்கும்."

மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தினமும் அந்தக் கல்லின் மேல் ஒரு செம்பு தண்ணீர் விழுந்தது. விட்டது யார் என்று மருமகள் கேட்கவும் இல்லை.

மல்லிகைப் பதியன் வேர் பிடிக்க மூன்று, நான்கு மாதம் ஆகும். கார்த்திகையில் கல்லை எடுத்துப் பார்த்தார்கள். வெள்ளை வேர் ஓடியிருந்தது. தாயிடமிருந்து அறுத்து, ஒரு தொட்டியில் வைத்தார்கள்.

அன்று சாயங்காலம் மாமியாரே கத்தரியை எடுத்து வந்து மருமகளிடம் நீட்டினார்.

"ஒன்றரை அடி என்று சொன்னாயே, எதுவரை? இங்கே ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொள். கூடக் குறைய வெட்டிவிடாதே" என்றார்.